தண்ணீர்ப்பந்தரை நடித்துக் கற்பித்தல்

சைவ பாடசாலை ஆசிரியர்களே! 'பொதுச்சொத்தைப் பேணுக' என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பத்துமுறை சொல்லுவிக்கின்றோம். பாடம் முடிந்து வெளியே சென்றவர் குழாயைத் திறந்தபடியே விட்டுப் போகின்றனர். சொல் நாவில் நின்றது, நெஞ்சிற் புகுந்திலது. ஆரம்ப வகுப்புக்களிற் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்தைக் கற்பிக்கும் நம்மவர்க்கு இக்குறை புதிதன்று.

யான் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். அங்கே வேதாகமக் கதைகளைப் பாலர் நடித்துக் கற்றனர், யானும் நடித்தேன். அக்கதைகளை இன்றும் மறந்திலேன். நன்முறை எவரிடத்திருப்பினும் கொள்ளத்தக்கதே. அதற்கேற்ற கதைகளோ நம்மிடத்து நிரம்ப உள.

மூன்றாந் தரத்துக்கு அப்பூதியடிகள் சரித்திரத்தை எடுத்துக்கொண்டேன். திங்களூரில் அவர் அமைத்த தண்ணீர்ப்பந்தருக்குத் தம் பெயரை இடாது, தாம் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரை இட்டனர். அவர் அந்தணர், நாவுக்கரசரோ வேளாளர் குலத்தவர். வழிநடந்து அங்கு வந்த நாவுக்கரசர், பந்தரிற் பிறர் பெயர் எழுதிய காரணத்தை வினாவும் இடம் வரைக்கும் நடித்தாற் போதும். மகனை அரவு தீண்டிய பகுதி இச்சிறுவர்க்கு வேண்டாமென்று விட்டேன்.

இரண்டு கிடுகு, ஒரு மண்குடம், ஒரு மூக்குப்பேணி, இவையே கருவிகள். வழிப்போக்கர் பன்னிருவர்: கிழவி, வண்டிக்காரன், கைக்குழந்தையோடு தாய், சுமைதூக்குபவன் முதலாயினோர். குடத்தில் எட்டுப் பேணித் தண்ணீரே வைத்தேன். யாருக்கு முதலிற் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, குடம் வெறுமையானால் யார் நிரப்புவது என்பவற்றை அவர்களே தீர்மானித்தல் வேண்டும். ஆசிரியர் இடையில் வாய் திறத்தலாகாது. குடத்து நீர் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தி கேட்டாள். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே மழைநீர் சுண்ணக்கல்லினூடே இறங்கிக் கிணற்றிற் சேருமாற்றை நடிப்பு முடிந்தபின் சொன்னேன். பாடநூலின் இரண்டு பக்கம் அவ்வொரு வினாவில் அடங்கிற்று.

வேறொன்றும் நிகழ்ந்தது. நீர் வார்த்த சிறுவன் எல்லோர்க்கும் பேணியைக் கையிற் கொடுத்தான். ஒரு பிள்ளைக்கு மாத்திரம் பேணியைக் கொடாது, எட்ட நின்று உள்ளங்கையில் வார்த்தான். வகுப்பு ஓசையடங்கிற்று. இதை எங்கே கற்றாய் என்று யான் உரத்துக் கேட்டேன். "அப்பாச்சி இப்பிடித்தான் வார்க்கிறவ, சேர்" என்று சொல்லி அழுதான். கைநீட்டிய பிள்ளையும் தலைகவிழ்ந்தது. என் கோபம் இருவரையும் நாணச் செய்ததன்றி எதையும் கற்பித்திலது.

மறுநாள் ஒன்றும் உரையாது வேடங்களை மாற்றினேன். முதல்நாட் கைநீட்டிய பிள்ளை அப்பூதியடிகளாயிற்று. நீர் வார்த்தவன் வண்டிக்காரனானான். அவன் பந்தர்முன் வந்து தானாகவே இருகையையுங் குவித்து நீட்டினான். அப்பிள்ளை பேணியையே அவன் கையிற் கொடுத்தது. அவன் சிறிதுநேரம் அதனைப் பார்த்து நின்று, பின் குடித்தான்.

வேடம் பகிரும்போது நமக்கு விழிப்பு வேண்டும். நல்லுடை உடுத்த பிள்ளைக்கு நாயனார் வேடமும் ஏழைப்பிள்ளைக்கு ஏவலாள் வேடமும் ஆண்டுதோறும் கொடுக்கும் வழக்கம் நம் விழாமேடைகளில் உண்டு. சீட்டுக் குலுக்கி எடுப்பித்தலே நலம். ஒரு பாடவேளை போதாது. இரண்டை அடுத்தடுத்து வைத்துக்கொள்க. அயலிலே கோயிற்றிருவிழாக் காலமாயின், பிள்ளைகளை அங்குள்ள தண்ணீர்ப்பந்தருக்கு அழைத்துச் சென்று, நீர் கொணர்பவர் யார், பாத்திரங் கழுவுபவர் யார் என்று கேட்டு எழுதச் செய்க. பந்தரின் பெயர்ப்பலகையில் எவர் பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதையும் குறித்துவரட்டும்.