வைஃபை நின்றுவிட்டதா? அறுந்த கண்ணியைத் தேடுங்கள்

ஒப்படைப்பை அனுப்பும் நேரம் பார்த்து மடிக்கணினியின் வைஃபை நின்றுபோகிறது. பதற்றத்தில் கண்ணில் பட்ட அமைப்புகளை எல்லாம் மாற்றுகிறோம். எப்படியோ இணைப்பு திரும்பினாலும், எதனால் திரும்பியது என்பது தெரியாது. அடுத்த முறையும் அதே திண்டாட்டம். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைத்துவிட்டது. அதில் ஏற்படும் கோளாறை முறையாக ஆராயவும் தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்று கண்ணிகள்

இணைய இணைப்பு ஒரு சங்கிலி. முதல் கண்ணி, மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை கருவி. இரண்டாவது, அதற்கும் ரவுட்டருக்கும் இடையே செல்லும் வானொலி அலை. மூன்றாவது, ரவுட்டரும் அதிலிருந்து கண்ணாடியிழை வழியாகச் சேவை நிறுவனத்துக்குச் செல்லும் பாதையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால், அறுந்த கண்ணி எது என்பது தெரிந்துவிடும். அறிவியல் கூடத்தில் கடைப்பிடிக்கும் அதே விதிதான்.

சோதனை 1: கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணையுங்கள். இணையம் வந்தால் முதல் கண்ணி நலம். ஒப்படைப்பை உடனே அனுப்பிவிட்டு மற்றதை நிதானமாக ஆராயலாம்.

சோதனை 2: ஹாட்ஸ்பாட்டையும் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, தொலைபேசியை வீட்டு வைஃபையில் இணையுங்கள். அதிலும் இணையம் இல்லையென்றால் மூன்றாவது கண்ணியைச் சந்தேகிக்கலாம். வடங்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ரவுட்டரின் மின்னிணைப்பை அரை நிமிடம் துண்டித்து மீண்டும் கொடுங்கள்.

சோதனை 3: தொலைபேசியில் இணையம் வருகிறதா? மடிக்கணினியை ரவுட்டர் அருகே கொண்டுசெல்லுங்கள். அங்கே வேலை செய்தால் குறை அலையில்தான்.

முதல் கண்ணியில் கோளாறு என்றால், விமானப் பயன்முறை தவறுதலாக இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கணினியை நிறுத்தித் தொடங்குங்கள். வைஃபை இணைந்திருந்தும் இணையம் வராவிட்டால் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வைஃபையை நிறுத்தி மீண்டும் இயக்கினால் புதிதாக முகவரி கேட்கும். எல்லா அமைப்புகளையும் அழித்து மீட்டமைப்பது கடைசி வழி. சேமித்த கடவுச்சொற்களும் போய்விடும். பள்ளிச் சாதனமென்றால் முதலில் பள்ளியைக் கேளுங்கள்.

அலை ஏன் தடுமாறுகிறது?

ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6 சென்டிமீட்டர். பின்னது வேகமாகத் தரவு அனுப்பும். ஆனால் சுவர்களைக் கடக்கையில் அதிகம் வலுவிழக்கும். 1998 முதல் புதிய வீடுகளில் கட்டாயமாக்கப்பட்ட புகலிட அறையை நினைத்துப் பாருங்கள்: கம்பி பொதிந்த தடித்த கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அதற்குள் ரவுட்டரை வைத்தால் அலை வெளியேறத் திணறும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் வேறொரு தொல்லை. அதில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய அலைவரிசைகள் 1, 6, 11 என மூன்றே. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் பலவும் இவற்றையே பகிர்ந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைப்பகுதியில் இயங்குகின்றன.

5 கிகாஹெர்ட்ஸின் சில அலைவரிசைகளை வானிலை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலையை உணர்ந்ததும் ரவுட்டர் அந்த அலைவரிசையை விட்டு விலக வேண்டும் என்பது விதி. அப்போது இணைப்பு திடீரென அறுந்து, சற்று நேரத்தில் தானே திரும்பலாம். எதையும் தொடுமுன் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

ரவுட்டர் அருகில், படுக்கையறையில், சமையலறையில் என மூன்று இடங்களில் இணைய வேகத்தை மும்முறை அளந்து சராசரி காணுங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் அளந்து அட்டவணையிடுங்கள். எந்த இடத்தில் எது வெல்கிறது? இடையில் எத்தனை சுவர்கள் உள்ளன?