மேலிருந்து வந்த துணை

போரில் விமானம் வீழ்த்தப்படின், அதனைச் செலுத்தியவரைக் குதிகுடை காப்பாற்றலாம். ஆயினும் அவர் இறங்கும் இடம் பகைவர் காவலுக்கு உட்பட்டதாகவோ அடர்ந்த காடாகவோ இருப்பின், பிழைத்த உயிர் நெடுநேரம் நிலைப்பது அரிது. அத்தகையோரைத் தேடிக் கண்டு மீட்டு வருவதற்கென அமைந்தவையே போர்க்கள மீட்பு ஹெலிகாப்டர்கள். பிற விமானங்களுக்கு நெடிய ஓடுதளம் வேண்டும். ஹெலிகாப்டரோ, தலைமேற் சுழலும் இறக்கைகளின் ஆற்றலால் நின்ற இடத்திலிருந்தே எழும். வானில் ஓரிடத்திலேயே நிற்கும். நெற்களம் அளவு வெளி கிடைப்பினும் இறங்கும்.

இதன் அருமை முதன்முதல் விளங்கிய இடம் பர்மாக் காடு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், காயமுற்ற பிரிட்டிஷ் வீரர் மூவரை ஏற்றி வந்த சிறு விமானம் ஒன்று, ஜப்பானியப் படைகள் நடமாடிய பகுதியில் வீழ்ந்தது. விமானியும் வீரர் மூவரும் காட்டில் மறைந்திருந்தனர். அமெரிக்க விமானப் படையைச் சேர்ந்த கார்ட்டர் ஹார்மன் என்பவர், அசாமிலுள்ள லாலாகாட்டிலிருந்து ஒய்.ஆர்-4பி என்னும் ஹெலிகாப்டரில் சென்றார். அதில் அவரைத் தவிர ஒருவருக்கே இடம் உண்டு. வெப்பம் மிகுந்த காற்றில் அதன் எஞ்சின் திணறியது. எனினும், ஏப்ரல் 25, 26 ஆகிய இரு நாள்களில் ஒவ்வொருவராக நால்வரையும் தூக்கி வந்து, ஆற்று மணல்திட்டில் இறக்கினார். அங்கிருந்து வேறு சிறு விமானங்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. காயமுற்றோர் முன்னே செல்ல, விமானி இறுதியாகவே காட்டை விட்டு நீங்கினார்.

ஒரு ஹெலிகாப்டரில் கண்ட குறையே அடுத்ததன் தோற்றத்திற்குக் காரணமாயிற்று. ஒருவரையே சுமக்க முடியும் என்னும் குறையைக் கொரியப் போர்க் காலத்தில் எச்-19 நீக்கியது. அது பத்துப் பேர் வரை சுமந்தது. பின்னர் வியத்நாம் போரில் எச்.எச்-43 என்னும் ஹெலிகாப்டர் பணியாற்றியது. இப்பெயரின் முதல் ‘எச்’ மீட்புப் பணியையும் இரண்டாவது ‘எச்’ ஹெலிகாப்டரையும் குறிக்கும். விமான நிலையங்களில் நேரும் தீ விபத்துகளில் உதவவே அது முதலில் அமைக்கப்பட்டது. ஆதலின் நெடுந்தொலைவு செல்ல இயலவில்லை. அக்குறையைத் தீர்க்க எச்.எச்-3இ வந்தது. குண்டுகளைத் தடுக்கும் கவசத்தகடுகளுடன், பறந்துகொண்டே மற்றொரு விமானத்திடமிருந்து எரிபொருள் பெறும் குழாயும் அதில் பொருத்தப்பட்டது. 1967ஆம் ஆண்டில் இவ்வகை ஹெலிகாப்டர்கள் இரண்டு, வழியில் ஒன்பது முறை எரிபொருள் பெற்று, நியூயார்க்கிலிருந்து பாரிசு வரை எங்கும் இறங்காமல் பறந்தன. அதனினும் பெரிய எச்.எச்-53 அடுத்து வந்தது. 1980களில் தோன்றிய எச்.எச்-60ஜி, இருளிலும் தீய வானிலையிலும் வழி காணும் கருவிகளைக் கொண்டது. அதன் வழிவந்த எச்.எச்-60டபிள்யூ ஏறத்தாழ இருமடங்கு எரிபொருளைத் தன்னுள்ளேயே சுமக்கும்.

இறங்க வெளியற்ற காட்டில், எஃகு வடத்தின் நுனியில் கனத்த இருக்கையைக் கட்டி, மரக்கிளைகளினூடே இறக்குவர். ஆனால் எழ வலிமையற்றவரை அதில் ஏற்றுவது யார்? அதற்கு மீட்பு வீரர் ஒருவர் கீழே இறங்கியே தீரவேண்டும். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், சைகோன் நகருக்குக் கிழக்கேயுள்ள காட்டில், பகைவரால் சூழப்பட்ட காலாட்படையினரிடையே வில்லியம் பிட்சன்பார்கர் என்னும் இளைஞர் எச்.எச்-43இலிருந்து அவ்வாறே இறங்கினார். அவருக்கு வயது 21. அவர் முயற்சியால் காயமுற்றோர் ஒன்பதின்மர் மேலேற்றப்பட்டனர். அதற்குள் பகைவர் குண்டுகள் ஹெலிகாப்டரைத் தாக்கின. மேலே ஏறி வர அவருக்கு வாய்ப்பிருந்தது. அவரோ, ஹெலிகாப்டரைத் திரும்பிச் செல்லுமாறு கையசைத்துவிட்டு, எஞ்சிய வீரர்களுடன் நின்றார்; புண்களுக்குக் கட்டிட்டார்; போரிடுவோர்க்குத் தோட்டாக்களைத் திரட்டிக் கொடுத்தார். அன்று மாலையே அவர் கொல்லப்பட்டார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த வீர விருது வழங்கப்பட்டது.

கவசமும் எரிபொருட் குழாயும் இருளில் காணும் கருவியும் அறிவின் ஆக்கங்கள். அவை உதவியாளரைத் துன்புறுவோரின் தலைக்கு மேல்வரை கொண்டு சேர்க்கும். அதற்குக் கீழே எஞ்சியிருக்கும் சிறு தொலைவைக் கடப்பது மனிதனின் அன்பும் அஞ்சாமையுமே ஆகும்.