மடிப்பைப் பாருங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கல்லூரிக் கண்ணாடிக் கூடத்தில் பெயர்ப்பலகை இல்லாமல் நிற்கும் பனைக் குடும்பத்துச் செடிகளை எப்படி இனங்காண்பது என்று கேட்டிருந்தீர்கள். பூவும் காயும் இருந்தால் சிக்கலே இல்லை. ஆனால் தொட்டியில் வளர்பவை எளிதில் பூப்பதில்லை. ஓலையைத்தான் நம்ப வேண்டும்.

விசிறி ஓலையா, இறகு ஓலையா என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இறகு ஓலை என்றால் ஒரு சிற்றிலையை, நடுமட்டையோடு அது சேரும் இடத்தில், குறுக்கே நறுக்கிப் பாருங்கள். தென்னையிலும் கமுகிலும் ராயல் பாமிலும் அதன் இரு ஓரங்களும் கீழ்நோக்கி மடிந்திருக்கும். ஈச்சையில் மேல்நோக்கி மடிந்து, மழைநீர் ஓடும் வாய்க்காலாக இருக்கும். அடிப்பக்கச் சிற்றிலைகள் முள்ளாக மாறியிருப்பதும் ஈச்சையின் அடையாளம். மடிப்பு செடியின் வயதைப் பொறுத்து மாறாது என்பதால், உயரம், தண்டின் பருமன் எல்லாவற்றையும்விட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் கீற்று முடையும் அம்மாக்களைக் கேளுங்கள். தென்னஞ்சிற்றிலை எந்தப் பக்கம் மடங்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். அதைத் தாவரவியல் வகுப்புக்கு அழைத்துவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மேல்நோக்கி மடிந்தும், ஓலை இருமுறை கிளைத்து, சிற்றிலை மீன்வால் வடிவில் கிழிந்தும் இருந்தால் அது கூந்தல் பனை. பனைக் குடும்பத்தில் இப்படி இருமுறை பிரியும் ஓலை அந்தப் பேரினத்துக்கு மட்டும்தான் உண்டு.

அடுத்து மட்டையின் அடியைத் தொட்டுப் பாருங்கள். தென்னையில் பன்னாடை இருக்கும். கமுகிலும் ராயல் பாமிலும் மட்டைகளின் அடி ஒன்றையொன்று சுற்றி வழவழப்பான பச்சைக் குழாயாக நிற்கும். பந்தியில் தட்டாக வரும் பாக்குமட்டை அந்தப் பகுதிதான். கடைகளில் அரேகா பாம் என்று விற்கும், பல தண்டுகள் கொத்தாக எழும், மஞ்சள் காம்புச் செடி கமுகல்ல. மடகாஸ்கரைச் சேர்ந்த வேறொரு இனம்.

இளஞ்செடியிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். தென்னம்பிள்ளையின் முதல் ஓலைகள் பிரியாமல் முழுசாக வருவதை நம் ஊர் விவசாயிகள் அறிவார்கள். அறியாதவர் அதை வேறு மரம் என்றே எண்ணுவார்.

விசிறி ஓலையில் பனையா தாளிப்பனையா என்பது இளமையில் கடினம். தாளியின் ஓலை வளர வளர மிகப் பெரிதாகி, சில மீட்டர் அகலம் விரியும். மெல்லியது, வளைந்து கொடுப்பது. பனையோலை தடித்தது, காய்ந்தால் விறைப்பது. சுவடி எழுத இரண்டுமே பயன்பட்டன. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பார்க்க வாய்த்தால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் பாருங்கள். தாளி பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, காய்த்து, பட்டுப்போகும். பனையோ ஆண்டுதோறும் பூக்கும். ஆணா பெண்ணா என்பது பூத்த பிறகே தெரியும். ஆகவே பெயர்ப்பலகையில் அதை இப்போதே எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு செடிக்கும் சிற்றிலையின் வெட்டுமுகம், மட்டையின் அடி, முழு ஓலை என மூன்று படங்கள் எடுத்து அனுப்புங்கள். சேர்ந்து பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்