ஃபைலுக்குப் பெயர் வைப்பதும் ஆய்வில் சேர்த்திதான்

எங்கள் மையக் கருவிக்கூடத்தில் என்எம்ஆர், எஃப்டிஐஆர், யூவி-விசிபிள் கருவிகளின் கணினிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் மாதிரிகளோடு வருவார்கள். மாதக்கணக்கில் உழைத்து மாதிரி தயாரித்தவர்கள்கூட ஃபைலுக்குப் பெயர் கேட்டதும், “ஏதாவது போடுங்க சார், சாம்பிள் 1-னு வைங்க” என்பார்கள். அந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அந்தக் கணினியில் ‘சாம்பிள் 1’ ஏற்கெனவே பலருக்கும் இருக்கும். ஆய்வேடு எழுத உட்காரும் நாளில் அது எந்தக் குப்பியிலிருந்து எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாதிரியைக் கருவியில் வைப்பதற்கு முன்பே பெயர் முடிவாகியிருக்க வேண்டும். நான் சொல்லித்தரும் வரிசை இது: தேதி, இனிஷியல், லேப் நோட்டின் எண், பக்கம், எத்தனையாவது ரன். சேர்மத்தின் பெயர், வெப்பநிலை, செறிவு என எல்லாவற்றையும் பெயருக்குள் திணிக்க வேண்டாம். நோட்டின் பக்கம் தெரிந்தால் மற்றதெல்லாம் அங்கே கிடைத்துவிடும். தேதியை 20240614 என ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 தரமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. பெயர் வாரியாக அடுக்கினாலே ஃபைல்கள் காலவரிசையில் வந்து நிற்கும். ரன் எண்ணை 01, 02 என்று இரண்டு இலக்கத்தில் போடுங்கள். விண்டோஸ் திரையில் 2-க்குப் பிறகு 10 சரியாகத்தான் தெரியும். பைத்தானில் அடுக்கினால் 1, 10, 11, 2 என்று வரும். நேரத்தோடு மாறும் வினையை அளந்தவருக்கு வரைபடமே குலைந்துபோகும்.

ஃபைலிலேயே தேதி பதிவாகுமே என்று கேட்பார்கள். கருவிக் கணினிகள் பலவும் இணையத்தோடு இணைக்கப்படாதவை. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பென் டிரைவில் நகலெடுத்தாலும் ‘உருவாக்கிய தேதி’ மாறிவிடும். அதனால் நான் பெயரில் எழுதிய தேதியைத்தான் நம்புகிறேன்.

1:10 என்றோ 1/10 என்றோ பெயரில் எழுத விண்டோஸ் விடாது. 0.5 என்று புள்ளி வைத்தால் சில மென்பொருள்கள் அதற்குப் பின்னால் இருப்பதை ஃபைல் வகை என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் யூனிகோடு அறியாத பழைய மென்பொருளில் அது வெறும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்தது, எதை எடுத்துப் போவது என்ற கேள்வி. புரூக்கர் என்எம்ஆரின் டாப்ஸ்பின் மென்பொருளில் சாதாரண ஒற்றைப் பரிமாண ஸ்பெக்ட்ரம் எல்லாவற்றுக்கும் மூலத் தரவு ஃபைலின் பெயர் ‘எஃப்ஐடி’ என்றுதான் இருக்கும். நீங்கள் வைக்கும் பெயர் மேலே உள்ள ஃபோல்டரில் இருக்கிறது. அதற்குள் 1, 2, 3 என்று சோதனை எண் ஃபோல்டர்கள். அளவீட்டு விவரங்கள் ‘அக்கஸ்’ என்ற தனி ஃபைலில். ஒரு மாணவர் எஃப்ஐடி ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஸ்பெக்ட்ரல் அகலம் உள்ளிட்ட விவரங்கள் கூட இல்லாததால் அவருடைய கணினியில் ஸ்பெக்ட்ரம் திறக்கவே இல்லை. எனவே மேல்ஃபோல்டரை முழுதாக ஜிப் செய்து எடுத்துப் போங்கள். எஃப்டிஐஆரில் ஓபஸ் மென்பொருள் ஃபைல் வகையையே .0, .1, .2 என்று எண்ணாக வைக்கும். வகைப்பெயர் தவறாக இருக்கிறது என்று நினைத்து அதை மாற்றாதீர்கள்.

மூல ஃபைல் எப்போதும் மாறாமல் தனியே இருக்கட்டும். எக்ஸ்போர்ட் செய்வது அதன் ஒரு நகல், அதுவும் குறைந்த நகல். சில மென்பொருள்கள் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதியை மட்டுமே எழுதும். பேஸ்லைன் திருத்தமோ ஸ்மூத்திங்கோ செய்திருந்தால் திருத்திய எண்கள்தான் வெளியே வரும். எக்ஸ்போர்ட் செய்த கையோடு ஃபைலை நோட்பேடில் திறந்து முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். 200 முதல் 800 நானோமீட்டர் வரை ஸ்கேன் செய்திருந்தால் இரண்டு முனைகளும் அங்கே இருக்க வேண்டும். ஸ்லிட் அகலம், ஸ்கேன் வேகம், எதை ரெஃபரன்ஸாக வைத்தோம் என்ற விவரங்கள் எண் பட்டியலில் வராமல் போகலாம். அதனால் பிடிஎஃப் அறிக்கையையும் சேர்த்து எடுங்கள்.

நோட்பேடு என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் எக்ஸெல்தான். நீர்த்தல் விகிதங்களை 1-5, 1-10, 1-50 என்று பெயரிட்டிருந்த ஒரு மாணவி, சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்து சேமித்துவிட்டார். 1-5 மே முதல் தேதி, 1-10 அக்டோபர் முதல் தேதி, 1-50 ஜனவரி 1950! “டெக்ஸ்ட்னு மாத்திட்டேன் சார், இப்ப 45566-னு வருது” என்றார். அக்டோபர் 1, 2024 என்ற தேதியை எக்ஸெல் தனக்குள் வைத்துக்கொள்ளும் எண் அது. பழைய 1-10 அந்த ஃபைலில் இனி இல்லை. மூல ஃபைல் கருவிக் கணினியில் இருந்ததால் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து கொடுத்தேன். ‘டேட்டா’ மெனு வழியாக உள்ளே எடுத்து, பெயர் இருக்கும் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று முதலிலேயே குறித்துவிட்டால் இது நடக்காது.

இது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. செப்டின் குடும்பத்து ஜீன்களின் குறியீடுகளை எக்ஸெல் செப்டம்பர் தேதிகளாக்குவதை 2004-லேயே ஆய்வுக் கட்டுரை ஒன்று எடுத்துச் சொன்னது. கடைசியில் 2020-இல், மனித ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்தக் குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் கணக்கில் ஏறாமல் தாமதமாயின. 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்ஸெல் ஃபைல் வடிவம்தான் காரணம்.

கருவிக்கூடத்துக்கு ஸ்லாட் வாங்கியவர்கள் வரும்போது குப்பிகளோடு, நோட்டின் பக்க எண் குறித்த மாதிரிப் பட்டியலையும் தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள். மூல ஃபைல், எக்ஸ்போர்ட் ஃபைல், பிடிஎஃப் மூன்றும் கையில் இருக்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே கிளம்புங்கள்.