பட்ட மரத்தை விட்டுவையுங்கள்

திருச்செந்தூர்

அன்புள்ள தம்பி முத்துக்குமாருக்கு,

"வௌவாலுக்குத்தான் சிறகு இருக்கிறதே, காடு எரிந்தால் பறந்துவிடாதா சார்?" என்று கேட்டிருந்தாய். பறக்கும். எங்கே போய்த் தொங்கும் என்று ஏன் கேட்கவில்லை? கருகிச் சாவதைவிடத் தங்க இடமும் இரையும் இல்லாமல் போவதுதான் அதற்குப் பெரிய கேடு. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரே குட்டி. குறைந்த கூட்டம் சீக்கிரம் பெருகாது.

மரம் வெட்டுவதும் அப்படியே. அகன்ற குட்டைச் சிறகுள்ள குதிரைலாட வௌவால் நெருங்கிய மரங்களுக்கிடையே வளைந்து வேட்டையாடும். நீண்டு குறுகிய சிறகுள்ளவை வெட்டவெளியில் விரைபவை. காடு திறந்தால் இவற்றுக்குக் கொண்டாட்டம், குதிரைலாட வௌவாலுக்குத் திண்டாட்டம். "வெட்டிய பிறகும் பறக்கிறதே" என்போர் எந்த வௌவால் என்று பார்ப்பதில்லை. வால்பாறை ஆய்வுகளில் காட்டு வௌவால்கள் குறைவாக இருந்தது தேயிலையில். நாட்டு மரநிழல் காப்பித் தோட்டத்திலும் ஆற்றோரக் காட்டிலும் கூடுதல்.

இப்போது என் பைத்தியத்துக்கு வருகிறேன்: பட்ட மரம். பொந்தும் பெயர்ந்த பட்டையும் வௌவாலுக்கு வீடு. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடாவில் எரியாத காட்டைவிட எரிந்த காட்டில் வௌவால் இனங்கள் அதிகம் என்று கண்டார்கள். உடனே "தீ நல்லது" என்று எழுதிவிடாதே! அது தீயோடு பழகிய காடு. களக்காடு முண்டந்துறையின் பசுமைமாறாக் காட்டில் தீ ஏறினால் மரங்கள் எழுந்திருக்காது. எந்தக் காடானாலும், எரிந்தபின் "சுத்தம் செய்கிறோம்" என்று நிற்கும் பட்ட மரங்களையும் அறுத்துத் தள்ளுவது இரண்டாம் அழிவு. கன்று நட்டுப் படம் எடுப்பவர்களிடம் கேட்டுப் பார்: அந்தக் கன்றில் பொந்து விழ எத்தனை தலைமுறை ஆகும்?

காடு போனால் நாம் அறியாத இனமும் போகலாம்; படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை 1948இல் பிடித்த பழந்தின்னி வௌவால், சாதாரண இனமென்ற சீட்டோடு அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1972இல் கிட்டி தோங்லோங்யா அதைப் புதிய பேரினமென்று காட்டி, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். பிறகு அது களக்காடு முண்டந்துறையிலும் தென்பட்டது. பெயர் வைக்குமுன்பே தோட்டங்களுக்காகக் காடு போன மலைகளில் எத்தனை இனம் போனதோ!

மலை தூரம் என்று சாக்குச் சொல்லாதே. நம் தேரிப் பனையில் தொங்கும் காவோலைக்குள்ளும் வௌவால் அடைகிறது. செங்கல் சூளைக்குப் பனை வெட்டுகிறவர்களைத் தடுக்க, ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. உன் ஊரில் அந்த அனுமதியை யாராவது கேட்கிறார்களா? விசாரித்து எழுது; அதன் பிறகு சிறகைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்