தீபாவளியும் தலைவலியும்

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். அதற்குள் வீட்டில் சின்னச் சின்ன உரசல்கள் ஆரம்பித்துவிடும். "உங்க அம்மாவுக்கு எடுத்த புடவை என்ன விலை?" என்று ஒரு கேள்வி. "போன வருஷமும் உங்க வீட்டுக்குத்தானே போனோம்?" என்று இன்னொன்று. கேட்கிறவர் சாதாரணமாகத்தான் கேட்கிறார். காதில் வாங்குகிறவருக்குத்தான் சுருக்கென்கிறது.

காரணம், மனசு மட்டுமில்லை, உடம்பும்தான். இரவு 11 மணி வரை முறுக்கு பிழிந்துவிட்டு, 4 மணிக்கு எழுந்து எல்லோருக்கும் வெந்நீர் போடும் இல்லத்தரசி தூங்கியது எவ்வளவு நேரம்? தூக்கம் குறைந்தால் கோபத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி சரியாக வேலை செய்யாது. கூடவே அட்ரினலின், கார்ட்டிசால் ஹார்மோன்கள் அதிகம் சுரந்து நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த நேரம் பார்த்து மாமியார், "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றால், வருகிற பதில் உப்பைப் பற்றியதாக இருக்காது!

எனவே வேலையைக் குறையுங்கள். ஐந்து பட்சணம் செய்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இரண்டை வீட்டில் செய்து, மீதியைக் கடையில் வாங்கினால் கௌரவம் குறையாது. யார் வீட்டில் தீபாவளி, செலவு எவ்வளவு என்பதையும் ஒரு வாரம் முன்பே, வயிறு நிறைந்திருக்கும் வேளையில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

தலை தீபாவளி என்றால் சிக்கல் இன்னும் அதிகம். கடன் வாங்கியாவது சீர் செய்ய நினைக்கும் அப்பா ஒரு பக்கம், "மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்னும் புகுந்த வீடு மறுபக்கம். நடுவில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண் ராத்திரியெல்லாம் விழித்திருப்பாள். இங்கே பேச வேண்டியவர் மாப்பிள்ளைதான். "மோதிரமெல்லாம் வேண்டாம்மா, நான் சொல்லிட்டேன்" என்று தன் அம்மாவிடம் அவர் வாய் திறக்க வேண்டும். பெண் வீட்டார் சொன்னால் குறையாகத் தெரிவது, பிள்ளை சொன்னால் எடுபடும்.

துக்கம் நடந்து வருஷம் திரும்பாத வீடுகளை நாம் அன்றைக்கு மறந்தே போகிறோம். பண்டிகை இல்லாத வீடாயிற்றே என்று ஒதுங்குவதை மரியாதை என்று நினைக்கிறோம். தெருவெல்லாம் வெடிச்சத்தம் கேட்கும்போது தனியே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு அரைமணி நேரப் பேச்சு, மாத்திரையை விடப் பெரிது. போனவரைப் பற்றிப் பேசினால் அழுவார்களே என்று பயப்படாதீர்கள். அழட்டும்.

சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை பண்டிகை முடிந்து இரண்டு வாரமாகியும் விடவில்லையா? டாக்டரைப் பாருங்கள். 'செத்துப்போனா தேவலை' என்று யாராவது சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.