கோழிக்குஞ்சின் குடலில் நடக்கும் போட்டி

நடவு வயலில் பயிர் முந்தித் தழைத்துவிட்டால் களை தலையெடுப்பதில்லை. களை முந்திவிட்டாலோ, நாம் இட்ட உரமெல்லாம் அதற்கே போய்ச் சேருகின்றது. உழவர் பெருமக்கள் நன்கறிந்த இவ்வுண்மை கோழிக்குஞ்சின் குடலுக்கும் பொருந்தும்.

கோழியின் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்திலுள்ள இரண்டு குருட்டுப் பைகளில் இவை மிகுதி. செரியாது வந்து சேரும் தீனிப்பொருள்களை இவை உண்டு, அமிலங்களை உண்டாக்குகின்றன. சால்மொனெல்லா போன்ற தீய பாக்டீரியா பின்னர் நுழையுமாயின், அதற்குச் சத்தும் குறைவு, குடற்சுவரில் ஒட்ட இடமும் குறைவு. அமிலமோ அதன் பெருக்கத்தைத் தடுக்கின்றது.

தாய்க்கோழியுடன் மண்ணைக் கிளறித் திரியும் குஞ்சு இந்நல்ல நுண்ணுயிர்களைத் தொடக்கத்திலேயே பெற்றுவிடுகின்றது. பொரிப்பகக் குஞ்சுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் குடல் ஏறக்குறைய வெற்று நிலம். மிகச் சில கிருமிகள் புகுந்தாலும் அங்கே பெருகிவிடும். குஞ்சு நோய்க்குறி காட்டாமலே வளர்ந்து, அதன் இறைச்சி வழியாக மக்களுக்கு நோய் பரவுவதும் உண்டு.

பின்லாந்து நாட்டில் 1971-ஆம் ஆண்டில் இறைச்சிக் கோழிகளிடையே சால்மொனெல்லா பரவிற்று. நூர்மி, ரந்தாலா என்னும் அறிஞர்கள் நலமான வளர்ந்த கோழிகளின் குடற்பொருளை இளங்குஞ்சுகளுக்குப் புகட்டினர். அக்குஞ்சுகள் கிருமியை எதிர்த்து நின்றன. இம்முடிவு 1973-இல் வெளியாயிற்று.

இதனைக் கேட்டு, கோழி எச்சத்தை நாமே கரைத்துப் புகட்டலாகாது. இரத்தக் கழிச்சல் முதலிய நோய்கள் அதனுடன் சேர்ந்து பரவும். நாம் செய்யத்தக்கவை வருமாறு:

1. குஞ்சுகள் வந்தவுடன் தீனியும் தூய நீரும் அளித்தல். கொட்டகையில் போதிய வெப்பம் இருக்கச் செய்து, கூளத்தை ஈரமின்றி வைத்தல்.

2. கால்நடை மருத்துவர் கூறினால், நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாட்டிக் மருந்தை நீரில் கலந்து கொடுத்தல். குளோரின் மிகுந்த நீர் அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுமாதலால் அதனைத் தவிர்த்தல்.

3. நோயில்லாதபோது ஆண்டிபயாடிக் மருந்து கொடாதிருத்தல். களைக்கொல்லி பயிரையும் சேர்த்து அழிப்பதுபோல, அது நல்ல நுண்ணுயிர்களையும் அழித்துக் கிருமிக்கு இடம் விட்டுக்கொடுக்கின்றது. அம்மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகுகின்றன. மனிதருக்கு இறுதிக் காப்பாகப் பயன்படும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் வழங்குவதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது இதனாலேயே.

4. வெள்ளைக்கழிச்சல் நச்சுயிரியால் வருவது. அதற்குத் தடுப்பூசியே காப்பு என்பதை மறவாதிருத்தல்.

பத்துக் குஞ்சுகள் மடிந்தால் ஓர் ஏழைத் தாயின் சிறுமுதல் மடிகின்றது. ஆகவே, ஊரில் குஞ்சுகள் வந்து இறங்குமுன் கால்நடை மருத்துவரை அழைத்து, கிராம சபையில் இதனை விளக்கச் செய்வது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும். முதல் சில நாட்களில் நாம் காட்டும் கவனமே, குஞ்சின் குடலில் நல்லவை முந்த வழிசெய்யும்.